எட்டுக்கு எட்டு

1

2024 ஏப்ரலில் ஜைலாக் நிறுவனம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இசட் 80 என்னும் நுண்செயலியைத் தனிச் சில்லாக இனித் தயாரிக்கப் போவதில்லை, வேண்டியவர்கள் ஜூன் 14க்குள் சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளலாம் என்று. 1976இல் சந்தைக்கு வந்த சில்லு அது. 48 ஆண்டுகள் உற்பத்தியில் இருப்பது மின்னணுப் பொருளுக்கு அபூர்வமான ஆயுள். உடனே பல தேசங்களிலிருந்தும் இரங்கல்கள். அவற்றைப் படிக்கப் படிக்க நம்முடைய இரங்கற்கூட்டங்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. இறந்துபோன எழுத்தாளரின் ஒரு பக்கத்தைக்கூடப் படித்திராமல், அவர் பழகுவதற்கு இனியவர் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற கூட்டங்கள்.

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அங்கே இரங்கல் எழுதியவர்களில் கணிசமான பேர் அந்தச் சில்லை இன்றும் பலகையில் செருகி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய கணினிகளுக்குப் புதிதாகப் பலகை வரைகிறார்கள். ஒலிநாடாவிலிருந்து ஐந்து நிமிஷம் கீச்சிட்டு ஏறிய நிரலை, நகத்தளவு நினைவட்டையிலிருந்து நொடியில் ஏற்ற வழிசெய்கிறார்கள். செத்துப்போன விசைப்பலகைக்குப் புது ஏடு அச்சடிக்கிறார்கள். பொறியே கிடைக்காதவர்கள் அதன் நடத்தை முழுவதையும் இன்றைய கணினிக்குள் நடித்துக் காட்டும் மென்பொருளை எழுதிப் பொதுவில் வைக்கிறார்கள். காசு வருவதில்லை. பயனாளர்கள் சில நூறு பேர். அவர்களிலும் பாதிப் பேர் தாங்களே இப்படி ஏதாவது செய்துகொண்டிருப்பவர்கள்.

இந்தக் கடைசி வர்ணனை நமக்கு அன்னியமானதல்ல. எழுதுகிறவனே வாசகன், வாசகனே சந்தாதாரன், சந்தாதாரனே அடுத்த இதழுக்குக் கடன் கொடுப்பவன் என்று நடப்பது சிறுபத்திரிகை. கைவேலைக் கணினிக்காரர்களின் பிறப்பும் ஏறக்குறைய அப்படித்தான். 1975 மார்ச்சில் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டுக் கார்க் கொட்டகையில், ஹோம்புரூ கணினிக் கழகத்தின் முதல் கூட்டம் நடந்தது. நிரல்களைத் தட்டச்சு செய்து, படியெடுத்து, கைமாற்றிக்கொண்டார்கள். 1976இல் பில் கேட்ஸ் அவர்களைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தன் நிரலைக் காசு கொடுக்காமல் படியெடுக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. சம்பளமில்லாமல் எவன் தரமான வேலை செய்வான் என்பது அதன் உட்கேள்வி. அதே வருஷத்தில், சம்பளமில்லாமல் எழுதப்பட்ட சின்ன பேசிக் மொழிகள் ஒன்றுக்கு மேற்பட்டவை, முழு வரிகளோடு, சிறு சஞ்சிகைகளில் வெளியாகிக்கொண்டிருந்தன. கேட்ஸின் கேள்விக்கு அவர்கள் சொன்ன பதில் அதுதான். ‘எழுத்து’ போன்ற பத்திரிகைகள் நம்மிடையே இதே கேள்விக்குச் சொன்ன பதிலும் வேறல்ல.

ஆகவே இந்த இதழில் இந்த விஷயத்தை எடுப்பதற்கு நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. என் கேள்வி இதுதான்: பழைய கணினியில் கைவேலை என்பது தமிழில், நம் சூழலில், என்ன அர்த்தம் பெறும்? அது இறக்குமதியான இன்னொரு ஏக்கமா, அல்லது நம் எழுத்தைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத ஏதாவது ஒன்றை அது நமக்குக் காட்டித்தரக்கூடுமா?

2

முதலில் ஏக்கம்.

மேற்கில் இந்தப் பழக்கத்தின் பெரும்பகுதி பால்யத்தை மீட்பதுதான். 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் சின்க்ளேர் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் வந்தது. இசட் 80 வகைச் சில்லு, 16 அல்லது 48 கிலோபைட் நினைவகம், ரப்பர் விசைகள், வீட்டுத் தொலைக்காட்சியே திரை. அதன் முன்னால் பத்து வயதில் உட்கார்ந்தவன் ஐம்பது வயதில் அதையே திரும்பத் தேடுகிறான். நிறம் ஒரு புள்ளி தவறாமல், ஓசை ஒரு துடிப்புப் பிசகாமல், அன்றிருந்ததைப் போலவே இருக்க வேண்டும் என்கிறான். இந்தத் துல்லியம் பலசமயம் விமர்சனத்துக்கு மாற்றாகிவிடுகிறது. அந்த விளையாட்டு நல்ல விளையாட்டா, அந்த நிரல் நல்ல நிரலா என்ற கேள்வியே எழுவதில்லை. அசலைப் போல இருக்கிறதா என்பதோடு மதிப்பீடு முடிந்துவிடுகிறது. இது வழிபாடு. பழைய இலக்கியத்தின் மீது நம் புலவர்கள் காட்டிய பக்திக்கும் இதற்கும் குணத்தில் பேதமில்லை.

நமக்கோ அந்தப் பால்யமே கிடையாது. இசட் 80 வந்த 1976ஆம் வருஷத்தில்தான், கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையிலிருந்து அரசின் கைக்கு மாறியது. இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் வைப்பது வேடிக்கையாகப் படலாம். ஒரே காலம் எல்லோருக்கும் ஒரே காலமாக இருந்ததில்லை என்பதைச் சொல்ல இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. 1984இல் மத்திய அரசு பள்ளிகளில் கணினிக் கல்வித் திட்டம் தொடங்கி பி.பி.சி. மைக்ரோ என்ற பிரிட்டிஷ் பொறிகளைக் கொண்டுவந்தது. 1980களின் பிற்பாதியில் புனேயில் டெசிபெல்ஸ் நிறுவனம் ஸ்பெக்ட்ரத்தை இங்கேயே தயாரித்து விற்றது. அவை போய்ச் சேர்ந்த வீடுகளும் பள்ளிகளும் எவை என்று விசாரிக்கவே வேண்டியதில்லை. கோமுகி அணைக்குக் கீழே கரும்பு வெட்டிக்கொண்டிருந்த குடும்பங்களின் வீடுகள் அல்ல.

ஆனால் பழைய கணினி நமக்குக் கிடைக்கவே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய். பாடமாகக் கிடைத்தது. 1976இல் இன்டெல் கொண்டுவந்த 8085 என்ற நுண்செயலி, உலகம் அதைக் கைவிட்டு வெகுகாலமான பிறகும் தமிழ்நாட்டுப் பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் பயிற்சிப் பலகையாக உயிரோடிருந்தது. சிவப்பு எண்கள் ஒளிரும் சின்னக் காட்டி, பதினாறு எண் விசைகள், இரண்டு எட்டுபிட் எண்களைக் கூட்டும் நிரல். மாணவன் அந்த நிரலின் எண்களை மனப்பாடம் செய்து அழுத்துவான். விடை வரும். செய்முறைத் தேர்வு முடியும். பலகை அலமாரிக்குப் போகும். அதை வைத்து ஒரு காரியமும் செய்து பார்க்கும்படி யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. சங்கப் பாடலைத் தமிழ்த் துறைகள் நடத்திய விதத்துக்கும் இதற்கும் நான் பெரிய வேறுபாடு காணவில்லை. பொருள்கோள் தெரியும், துறை தெரியும், பாட்டு தெரியாது.

ஆக, ஏக்கத்துக்கு ஆதாரமான அனுபவம் நம்மிடம் இல்லை. பாடமாக்கப்பட்ட அனுபவமும் ஒன்றுக்கும் உதவாது. இரண்டையும் கழித்தபின் என்ன மிஞ்சுகிறது? அந்தப் பொறி தமிழை ஒருநாளும் எழுதியதில்லை என்ற ஸ்தூலமான உண்மை மிஞ்சுகிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

3

கள்ளக்குறிச்சியில் செல்பேசி பழுதுபார்க்கும் நண்பர் ஒருவர் 8085 பலகையில் படித்துத் தேறியவர். மேலே சொன்ன மனப்பாடக் கதை அவருடையதுதான். சென்ற வருஷம் ஒரு மாலையில், ஸ்பெக்ட்ரமாக நடந்துகொள்ளும் மென்பொருளை என் மடிக்கணினியில் ஏற்றி, அதில் தமிழ் எழுத்துக்களை வரைந்து பார்க்கலாமா என்று கேட்டார். வங்கி வேலை முடிந்து ஏழு மணிக்கு மேல், வரைபடத்தாள் நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தோம். நான்கு மாதம் போனது. இதில் நான் கற்றுக்கொண்டதை மட்டும் எழுதுகிறேன்.

ஸ்பெக்ட்ரத்தின் திரை அகலத்தில் 256 புள்ளி, உயரத்தில் 192. ஒவ்வோர் எழுத்துக்கும் எட்டுக்கு எட்டுக் கட்டம். ஒரு வரிசைக்கு ஒரு பைட்டாக எட்டு பைட்டில் ஓர் எழுத்து. பயனாளர் தாமே வரைந்துகொள்ள அது ஒதுக்கியிருப்பது 21 எழுத்து மட்டும். தமிழுக்கு 247 என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இங்கேயே பலபேர் எழுந்து போய்விடுவார்கள்.

ஆனால் 247 என்பது ஒலிகளின் பெருக்கல் கணக்கு. உருவங்கள் எத்தனை? எண்ணிப் பார்த்தோம். ஔ என்பது ஒகரமும் ளகர வடிவமும் சேர்ந்தது என்பதால் உயிருக்கு 11. ஆய்தம் 1. அகரமேறிய மெய் 18. கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக்கொம்பு என 4. உகர, ஊகார வரிசைகளுக்குப் பொதுக்குறி கிடையாது; கு, சு, டு, மு என்று ஒவ்வொன்றும் ஒருவகையாக வளைகிறது. ஆகவே 36. புள்ளியும், இகர, ஈகார விசிறிகளும் எழுத்தின் மேல் ஏறுகிறவை. ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கில் ‘ஓவர்’ என்றொரு கட்டளை உண்டு. ஓர் எழுத்தின் மேல் இன்னொன்றை அச்சிடும். தமிழ்த் தட்டச்சுப் பொறியில் அழுத்தினாலும் உருளை நகராத விசைகள் இருந்தனவே, அதே யுக்தி. ஆகவே இவற்றுக்கு 3 போதும். டி, டீ இரண்டும் விதிக்கு அடங்காதவை: 2. மொத்தம் 75.

21இல் 75 அடங்காது. ஆனால் அந்தப் பொறியில் இன்னொரு வழி இருக்கிறது. எழுத்து வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்று சொல்லும் முகவரி 23606, 23607 ஆகிய இரண்டு நினைவிடங்களில் இருக்கிறது. அதை மாற்றினால் 96 எழுத்துக்களையும், 768 பைட்டுகளையும், நாமே எழுதிக்கொள்ளலாம். 96இல் 75 போக 21 மிச்சம். எண்கள் பத்து, நிறுத்தக்குறிகளும் வெற்றிடமும் பதினொன்று. நண்பர் துள்ளிக் குதித்தார். நானும்தான்.

அடுத்த நாளே கணக்கு உடைந்தது. மூன்றுசுழி ணகரத்துக்கு மூன்று திறப்பு வேண்டும். மூன்று திறப்புக்கு நான்கு செங்குத்துக் கோடு. கோடு, இடைவெளி, கோடு என்று போட்டால் ஏழு புள்ளி. அடுத்த எழுத்தோடு ஒட்டாமலிருக்க ஒரு புள்ளி விட்டால் எட்டு. ண உயிர்பிழைத்தது. ஆனால் ணு, ணூ நிற்க இடமில்லை. இப்படி அகலமானவற்றுக்கு இரண்டிரண்டு கட்டம் கொடுக்கக் கொடுக்க, அந்த 21 கரைந்துபோனது. கேள்விக்குறியையா எண்களையா விட்டுக்கொடுப்பது என்று ஒருநாள் முழுவதும் வாதாடினோம்.

உயரத்திலும் இதே கதை. மேலே புள்ளிக்கு ஒரு வரி. புள்ளிக்கும் எழுத்துக்கும் நடுவே ஒரு வெற்று வரி. கீழே இறங்கும் சு, பு, வு ஆகியவற்றுக்கு ஒரு வரி. எஞ்சுவது ஐந்து வரி. அந்த ஐந்தில் ழகரம் ழகரமாகத் தெரிய வேண்டும். இன்னொரு சங்கடம், ‘ஓவர்’ கட்டளையின் சுபாவம். இரண்டு உருவங்களும் ஒரே புள்ளியில் மை வைத்தால் அந்தப் புள்ளி வெளுத்துவிடும். ஆகவே இகர விசிறி மெய்யைத் தொட்டுக்கொண்டிருப்பதாகத் தெரிய வேண்டும், ஆனால் அதன் ஒரு புள்ளிமீதும் ஏறக்கூடாது. நண்பரின் தகப்பனார் கள்ளக்குறிச்சி மரச்சிற்பக்காரர். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தத் தொழிலில் ஐம்பது வருஷம் இருந்தவர். எங்கள் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “சுழியெல்லாம் முழுசாப் போடப் பாக்குறீங்க. மரத்துல அப்படி விடமாட்டோம், வெடிச்சிரும். சுழி எங்க ஆரம்பிக்குதுன்னு காட்டுனாப் போதும், மீதிய கண்ணு போட்டுக்கும்” என்றார். அன்றைக்குத்தான் எங்கள் ஞகரம் ஓரளவு தேறியது.

இந்த விவரங்களை நான் அடுக்குவது வித்தை காட்ட அல்ல. ‘கணினிக்கென்றே பிறந்த மொழி தமிழ்’ என்ற வாசகத்தை மேடைகளில் கேட்டுக் கேட்டு நமக்குக் காது மரத்துவிட்டது. மாநாடுகள், பொன்னாடைகள், விருதுகள். அப்படிப் பேசுகிறவரிடம் தமிழின் உருவங்கள் எத்தனை என்று கேட்டால் 247 என்பார். 75 என்று அவர் சொல்லமாட்டார். ஏனென்றால் எண்ணிப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தம் அவருக்கு நேர்ந்ததில்லை. பெருமை எண்ணாது. ஏக்கமும் எண்ணாது. எட்டுக்கு எட்டுக் கட்டம்தான் எண்ணச் சொல்கிறது.

எண்ணியபின் பழைய சர்ச்சைகளும் வேறாகத் தெரிகின்றன. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978 அக்டோபரில் தமிழக அரசு ஆணையாக்கியது. 13 எழுத்துக்கள் மாறின. எந்திரத்துக்கு எளிது என்பது அதன் ஆதரவாளர்கள் சொன்ன காரணங்களில் முக்கியமானது. எங்கள் கட்டக் கணக்கில் பழைய வடிவங்களையும் வைத்துப் பார்த்தோம். ணா, றா, னா மூன்று. ணை, லை, ளை, னை நான்கு. ஒகர, ஓகார வடிவங்கள் இவற்றிலிருந்தே கொம்பு சேர்த்துக் கிடைத்துவிடும். ஆக ஏழே கட்டம். 75 என்பது 82 ஆகியிருக்கும். எந்திரத்துக்கு உண்மையில் பாரமாக இருப்பவை உகர, ஊகார வரிசைகள்; 75இல் 36, ஏறக்குறைய பாதி. வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் அந்த வரிசைகளை மாற்றச் சொன்னபோது எழுந்த எதிர்ப்பு நமக்குத் தெரியும். அவர் முறையை நான் ஏற்கிறேன் என்று இதற்கு அர்த்தமில்லை. ‘து’வின் வளைவை இழக்க எனக்குச் சம்மதமில்லை. ஆனால் அந்தச் சம்மதமின்மைக்கு என்ன விலை என்பது இப்போது எனக்குத் தெரியும். 1978இன் ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் அது தெரிந்திருந்ததா என்பது சந்தேகம். 1991இல் யூனிகோடு வந்ததும், 1988ஆம் ஆண்டின் இந்தியத் தரக்குறியீட்டை ஒட்டி உகரம் ஒரே குறியாகிவிட்டது. 36 உருவங்களும் எழுத்துருக்களுக்குள் போய் ஒளிந்துகொண்டன. பிரச்சினை தீர்ந்தது. கூடவே அது கண்ணிலிருந்தும் மறைந்தது.

இன்னொன்று. ஐந்து வரி உயரத்தில் ரகரத்தையும் காலையும் பிரித்துக் காட்ட எங்களால் முடியவில்லை. புள்ளியும் பல இடங்களில் தூசிபோலத்தான் விழுந்தது. ஏட்டுச்சுவடியில் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஓலையில் புள்ளி கிடையாது, ரகரமும் காலும் ஒன்று, குறிலும் நெடிலும் கொம்பில் பேதமில்லை. பொருளைக் கொண்டுதான் எழுத்தை நிச்சயிக்க வேண்டும். ஆயிரக்கணக்கான டாலர் மதிப்புள்ள பழம்பொருளைச் சேகரித்துத் துடைத்து வைக்கிறவனுக்கு இந்த உறவு தட்டுப்படாது. அதில் தன் மொழியை எழுத முயன்று தோற்றவனுக்குத் தட்டுப்படும்.

4

தனிமனிதர்களின் இத்தகைய பிரயாசை தமிழில் முன்பே நடந்திருக்கிறது என்பதையும், அதன் விளைவில்தான் நாம் இன்று உட்கார்ந்திருக்கிறோம் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1980களில் கனடாவில் சீனிவாசன் ‘ஆதமி’யை எழுதினார். 1985இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’வைத் தொடங்கினார். 1990களில் சுவிட்சர்லாந்தில் வேதியியல் அறிஞரான கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவைச் செய்து இலவசமாகக் கொடுத்தார். அரசாங்கமோ பல்கலைக்கழகமோ கேட்டு நடந்த காரியங்களல்ல. அவரவர் மேஜையில் அவரவர் இரவுகளில் நடந்தவை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. அதன் நூல்கள் முதலில் ஒரு குறியீட்டிலும் பிறகு இன்னொன்றிலும் இருந்து, கடைசியில் யூனிகோடுக்கு மாற்றப்பட்டன. யாரோ ஒருவர் உட்கார்ந்து மாற்றினார் என்பதுதான் செய்தி. தானாக மாறவில்லை.

மாற்றாமல் விட்டவை என்ன ஆயின? 1990களில் நம் சிறுபத்திரிகைகளும் சிறுபதிப்பகங்களும் கணினி அச்சுக்கு மாறின. ஆளுக்கொரு எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் இருப்பது தமிழே அல்ல. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில விசைகள். எழுத்துரு இருக்கும்வரை அது அம்மா. எழுத்துரு போனால் அது எதுவுமில்லை. அந்தக் கோப்புகள் மூன்றரை அங்குல வட்டுகளில், ஒன்றில் 1.44 மெகாபைட் வீதம், பீரோக்களில் கிடக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. வட்டைப் படிக்கும் கருவி இன்றைய கணினிகளில் இல்லை.

இந்த இடத்தில் உ.வே.சா.வை இழுப்பது வழக்கமாகிவிட்டது. ஒப்புமை பாதிதான் சரி. செல்லரித்த ஓலையிலும் எழுத்து கண்ணுக்குத் தெரியும். வட்டிலிருந்து படிக்க, முதலில் ஒரு பொறியை உயிர்ப்பிக்க வேண்டும். அப்படி உயிர்ப்பிப்பவர்கள் இந்தக் கைவேலைக்காரர்கள்தான். கிரீஸ்வீசில் என்றொரு சிறு பலகை இருக்கிறது. அதன் வரைபடமும் நிரலும் திறந்த நிலையில் கிடைக்கின்றன. பழைய வட்டுக் கருவியோடு சேர்த்தால், வட்டின் காந்தத் துடிப்புகளை அப்படியே எடுத்துத் தந்துவிடும். சிதைந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்து, பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம். இதைச் செய்தவர்களின் மனத்தில் பழைய விளையாட்டுக்கள்தான் இருந்திருக்கும். நின்றுபோன ஒரு தமிழ்ச் சிறுபத்திரிகையின் கடைசி இதழ், அச்சுக்குப் போகாத வடிவில், அதே பலகையால் வெளிவரக்கூடும். வெளிவந்தபின் அது பாமினியா வேறொன்றா என்று கண்டுபிடித்து, விசைகளை எழுத்துக்களாக்க வேண்டும். பாடபேதம் பார்ப்பது என்றால் என்ன என்று தெரிந்தவனுக்கு மட்டுமே ஆகிற வேலை. இங்கே நமக்கும் வேலை இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்தது. வட்டுக்கள் நம் வீடுகளில் இருக்கின்றன.

5

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லத்தான் கட்டுரையை ஆரம்பித்தேன்.

வங்கிக் கிளைகளில் பாஸ்புக் அடிக்கும் பொறி இன்றும் ஊசிப்பொறிதான். ரிப்பனை ஊசிகள் குத்த, புள்ளிகளால் எழுத்து விழும். 1980இல் எப்சன் எம்.எக்ஸ். 80 என்ற ஒன்பது ஊசிப் பொறி பிரபலமாக்கிய அதே முறை. ஊசிகள் மட்டும் இப்போது 24. அருங்காட்சியகத்தில் இருப்பதாக நாம் நினைக்கிற தொழில்நுட்பம், வாரத்தில் ஐந்தாறு நாள் என் முழங்கைக்கருகே கிறீச்சிட்டுக்கொண்டிருக்கிறது.

வெள்ளிமலையிலிருந்தும் கரியாலூரிலிருந்தும் பஸ் பிடித்து இறங்கி வருகிற மலையாளிப் பெரியவர்கள் பாஸ்புக்கை நீட்டுவார்கள். அடித்துக் கொடுப்பேன். விவரங்கள் ஆங்கிலத்தில். ஒருவர் வரிமேல் விரலை வைத்து, “இது ஏறினதா எறங்கினதா சார்?” என்று கேட்பார். முதியோர் உதவித்தொகை வந்ததா, ஏதாவது பிடித்தமாகப் போய்விட்டதா என்பதுதான் கேள்வி. நான் சொல்வேன். அடுத்தமாதம் மறுபடியும் அவர் கேட்பார். 1983இல் வங்கிச் சங்கங்களும் நிர்வாகங்களும் எந்திரமயம் குறித்து ஒப்பந்தம் செய்துகொண்டபோதும், 1984இல் ரங்கராஜன் குழு அறிக்கை கொடுத்தபோதும், எழுத்தர்களை வாட்டிய கேள்வி வேலை போய்விடுமா என்பது. நியாயமான கேள்வி. அந்த எந்திரங்களோடே வேலைக்கு வந்த என் தலைமுறைக்கு மிச்சமிருப்பது இந்தப் பெரியவரின் கேள்வி. 24 ஊசிகளால் தமிழ் குத்த முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. எட்டுப் புள்ளி உயரத்தில் ழகரத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு 24 புள்ளி ராஜபோகம். யாரும் குத்தச் சொல்லவில்லை என்பதுதான் சங்கதி.

நண்பர் காயலான் கடையிலிருந்து ஒன்பது ஊசிப்பொறி ஒன்றைக் கிலோக் கணக்கில் வாங்கிவந்தார். எங்கள் எட்டுக்கு எட்டு எழுத்துக்களை அதில் அடிக்க முயன்றோம். ஸ்பெக்ட்ரத்தின் பைட் கிடைவரிசை. ஊசிப்பொறி எதிர்பார்க்கும் பைட் செங்குத்து வரிசை. எழுத்து ஒவ்வொன்றையும் நிரலால் புரட்டிப் போட வேண்டியிருந்தது. மூன்று வாரம். கடைசியில் ‘வரவு’ ‘பற்று’ என்ற இரண்டு சொற்களைத் தாளில் அடித்தோம். கோணல்மாணலாக, ஆனால் தமிழாக.

அந்தத் தாளை, வழக்கமாக வரும் ஒரு பெரியவரிடம் வங்கிக்கு வெளியே டீக்கடையில் காட்டினேன். நான்காவதுவரை படித்தவர். ‘வரவு’ படித்துவிட்டார். ‘பற்று’வைக் கொஞ்சநேரம் பார்த்தார். “பத்துன்னு போட்டிருக்கு. பத்து ரூபாயா?” என்றார்.

முதலில் எங்கள் றகரம் சரியில்லை என்றுதான் நினைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் றகரம் தெளிவாகவே இருந்தது. அவர் சரியாகத்தான் படித்திருக்கிறார். ‘பற்று’ என்பதை இந்தப் பக்கத்தில் ‘பத்து’ என்றுதான் உச்சரிப்பார்கள். அந்தச் சொல்லுக்குக் கணக்கில் இன்ன அர்த்தம் என்பது, கணக்குப்பிள்ளைகளும் வங்கிகளும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ரகசியம். ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டு அதே அளவுக்குப் புரியாத இன்னொரு சொல்லை, நான்கு மாதப் பிரயாசையில், எழுத்துக்கு 64 புள்ளிகளுக்குள் அடக்கி அவர் முன்னால் வைத்திருக்கிறேன். உருவத்தில் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டிருந்தபோது உள்ளடக்கத்தில் அம்போவென்று நின்றேன். உருவம் உள்ளடக்கம் என்று இந்தப் பக்கங்களிலேயே எத்தனையோ சர்ச்சைகள் நடந்திருக்கின்றன. எனக்கு அது புரிந்தது அந்த டீக்கடையில்.

அரசாங்கத் தமிழ், ஆட்சித்தமிழ், கணித்தமிழ் என்று நாம் செய்துவைத்திருக்கும் பலவற்றின் கதியும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. எழுத்து மாறும், எழுத்துரு மாறும், குறியீடு மாறும். யாரிடம் பேசுகிறோம் என்பது மாறுவதில்லை. பழைய பொறி இதைத் திருத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் இத்தனை கட்டம், இத்தனை பைட், இத்தனை இரவு என்று விலை கொடுத்து வாங்குகிறவன், அந்தச் சொல் வேண்டுமா என்று ஒருமுறையாவது கேட்டுக்கொள்வான். விலையில்லாமல் எழுதுகிறவனுக்கு அந்தக் கேள்வி வருவதில்லை. நம் கவிதைகளில் பெரும்பாலானவற்றைப் படிக்கும்போதும் எனக்கு இதுவே தோன்றுகிறது.

அந்தப் பெரியவரையே கேட்டேன், பணம் இறங்கினால் என்ன சொல்வீர்கள் என்று. “எடுத்ததுன்னு போடு சார். போட்டது, எடுத்தது. அவ்ளோதான்” என்றார்.

இப்போது ‘எடுத்தது’ வரைந்துகொண்டிருக்கிறோம். அதில் டுவும் துவும் வருகின்றன. இரண்டும் அந்த 36இல் சேர்ந்தவை. து இன்னும் சரியாக வரவில்லை.